மறுப்பதற்கு ஐந்து நாள்

அலுவலகத்தில் அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்கோ கம்பெனிக்கோ இணையத்தில் ஒரு டொமைன், அதாவது தளத்துக்கான பெயர், வேண்டுமென்றால் அதைப் பதிவு செய்து, வருடா வருடம் புதுப்பித்து, உரிமையாளர் மாறினால் மாற்றிக் கொடுக்கும் நிறுவனம் அது. போனில் யாரிடம் பேசினாலும், "பேருக்குப் பூட்டு போட்டுட்டீங்களா?" என்று கேட்காமல் அவள் வைக்கமாட்டாள். பூட்டு என்பது திரையில் இருக்கும் ஒரு சின்னப் பொத்தான். அதை அழுத்திவிட்டால் உரிமையாளருக்குத் தெரியாமல் அந்தப் பெயரை யாரும் வேறு கைக்குக் கொண்டுபோக முடியாது. பதினான்கு வருடமாக இதையே சொல்லிச் சொல்லிப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் மேசைக்கு வருபவை பெரும்பாலும் இறந்துபோனவர்கள் வைத்திருந்த டொமைன்கள். குடும்பத்தில் யாராவது இறப்புச் சான்றிதழும் வாரிசின் சம்மதக் கடிதமும் கொண்டுவருவார்கள். அவள் சரிபார்த்து மாற்றக் கோரிக்கையைப் பதிவு செய்வாள். அந்த நிமிடமே பழைய உரிமையாளரின் முகவரிக்கு ஒரு மெயில் தானாகப் போகும். அதில் 'சம்மதிக்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று இரண்டு பொத்தான்கள். ஐந்து நாளைக்குள் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று கணக்காகிவிடும். இறந்தவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. அதனால் அவள் மேசையில் வேலை தடங்கலில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, வேன் வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவர் வந்தார். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்த அவருடைய அண்ணன் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அண்ணன் பெயரில் ஒரு டொமைன் இருந்தது. சின்னதாக, வாயில் சட்டென்று ஒட்டிக்கொள்கிற ஒரு பெண் பெயர்.

"ஒரு பெரிய கம்பெனி இதைக் கேக்குது. சும்மாதானே கிடக்கு. அண்ணி எனக்கே எழுதிக் குடுத்துட்டாங்க" என்று கடிதத்தை நீட்டினார்.

பூட்டக்கா அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தாள். வெள்ளைப் பக்கம். ஒரு எழுத்து, ஒரு கோடுகூட இல்லை. ஆனால் பதினொரு வருடமாக, தவணை தவறாமல், ஒரே தேதியில் புதுப்பிக்கப்பட்டிருந்தது. காகிதங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கோரிக்கையைப் பதிவு செய்தாள்.

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது: மறுக்கிறேன்.

வீட்டில் யாரோ விவரம் தெரியாமல் அண்ணனின் போனில் அழுத்தியிருப்பார்கள் என்று நினைத்து ஏஜென்ட்டுக்குப் போன் செய்தாள். அவர் நேரிலேயே வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்து மேசையில் வைத்தார். சிம் கார்டு இல்லை. சார்ஜும் இல்லை.

"இது என்கிட்டதான் இருக்கு. அண்ணனோட மெயிலையும் போன மாசமே மூடிட்டேன். யாரு அழுத்தியிருப்பா?"

"சரி, இன்னொரு தடவை போடறேன். நீங்க இங்கயே உக்காருங்க" என்றாள்.

பதினொன்று பத்துக்குக் கோரிக்கையைப் போட்டாள். அந்த நிமிடமே, அப்படி ஒரு முகவரி இல்லை என்று மெயில் திரும்பி வந்துவிட்டது. ஏஜென்ட் திரையைக் காட்டி, "பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே" என்றார். பதினொன்று பன்னிரண்டுக்கு அவள் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. மறுக்கிறேன். அதன் கீழே, யாரும் வழக்கமாக நிரப்பாத 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்: இருக்கட்டும்.

போய்ச் சேராத மெயிலில் இருந்த பொத்தானை யார் அழுத்த முடியும்?  செத்த போனை எடுத்துப் பையில் போடக்கூட ஏஜென்ட்டுக்குக் கை வரவில்லை. அவளே ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தாள்.

மேனேஜரிடம் போனாள். அவர் எதற்கும் அசராத ஆள். காகிதங்களைப் புரட்டிவிட்டு, "சர்வர்ல ஏதோ கோளாறும்மா. சான்றிதழ் இருக்கு, சம்மதக் கடிதம் இருக்கு. செத்தவர் ஆட்சேபம் தெரிவிக்க நம்ம ஃபார்ம்ல இடம் கிடையாது. நீங்களே நேரா மாத்தி விட்டுருங்க" என்றார்.

அப்படி மாற்றும் அதிகாரம் அவளுக்கு இருந்தது. இதுவரை இரண்டே முறைதான் அதைப் பயன்படுத்தியிருக்கிறாள். பிற்பகல் மூன்று மணிக்குப் பெயரை ஏஜென்ட்டின் கணக்குக்கு மாற்றினாள். மாற்றிய கையோடு விரல் நுனிகள் ஜில்லிட்டுப் போனது போல இருந்தது. ஏ.சி.யைக் குறைக்கச் சொல்லிவிட்டு அடுத்த காகிதக் கட்டை எடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அவளுடைய சொந்த மெயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. தினமும் பார்க்கிற கடிதம்தான். ஆனால் எப்போதும் அவள் மற்றவர்களுக்கு அனுப்புவது. "தங்கள் பெயரிலுள்ள கீழ்க்கண்ட டொமைனை மாற்றித் தருமாறு கோரிக்கை வந்துள்ளது. ஐந்து நாளுக்குள் மறுக்காவிட்டால் மாற்றப்படும்." கீழே இருந்தது அவள் மகளின் பெயர்.

மகள் பிறந்த வாரத்தில், இங்கே வேலை பார்ப்பதன் சலுகையில், குழந்தையின் முழுப் பெயரை அவள் பதிவு செய்து வைத்திருந்தாள். வளர்ந்து என்னவாக ஆனாலும் உதவட்டும் என்ற எண்ணம். குழந்தைக்கு இப்போது எட்டு வயது. வீட்டில் சில்லு என்று கூப்பிடுவார்கள். அந்த டொமைனுக்குப் பூட்டு போடாமல் இருப்பாளா? போட்டிருந்தாள். இப்போது பார்த்தபோது பூட்டு திறந்திருந்தது.

கோருகிற நிறுவனம் என்ற இடம் காலியாக இருந்தது. பெறுபவர் என்ற இடத்தில், இறந்துபோன அந்த வரைபடக்காரரின் பெயர் இருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். அலுவலகத்தில் இரண்டு பேருக்கு அந்த மாதிரி வேலைதான் பொழுதுபோக்கு. பூட்டை மறுபடி போட்டாள். கடிதத்துக்குப் பதில் சொல்லவில்லை. சொன்னால் சுற்றி நின்று சிரிப்பார்கள்.

புதன்கிழமை மதியம் சில்லுவின் டீச்சர் போன் செய்தார்.

"ஒண்ணுமில்லைங்க, கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு. தினமும் கூப்பிடற பேருதான். இன்னைக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது உங்க பொண்ணுகிட்ட வந்ததும் வாய்க்கு வரல. ரெஜிஸ்டரப் பாத்தா அந்த வரில மட்டும் மை மங்கியிருக்கு. ஒரு தடவை சொல்லிடுங்க, மேல எழுதிக்கறேன்."

பூட்டக்கா சொன்னாள். சொல்லி வைத்த பிறகுதான், முதல் எழுத்தைச் சொல்லிவிட்டுத் தான் ஒரு கணம் நின்றது அவளுக்கு உறைத்தது.

வியாழக்கிழமை காலையில் கணவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சில்லுவின் நூலக அட்டையை நிரப்பிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கடுகளவு எழுத்தைக்கூடப் பிசகாமல் எழுதும் கை. பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார்.

"என்ன யோசனை?"

"இல்ல… இவ பேரு…" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "சில்லுன்னே கூப்பிட்டுக் கூப்பிட்டு…"

"அப்பாக்கு என் பேரு மறந்துபோச்சு" என்று குழந்தை கைகொட்டிச் சிரித்தது. "அம்மா, நீ சொல்லு பாப்போம்."

அவள் வாயைத் திறந்தாள். நாக்கில் ஒன்றும் இல்லை. மாடிப்படியில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனது போல இருந்தது. சில்லு சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

போனை எடுத்து அந்தக் கடிதத்தைத் திறந்தாள். பெயரைப் பார்த்தாள், யாரோ ஒரு குழந்தையின் பெயரைப் போல இருந்தது. 'மறுக்கிறேன்' என்பதை அழுத்தினாள். அழுத்திய மறுகணம் பெயர் வாய் நிறைய வந்தது. மூன்று முறை சத்தமாகச் சொன்னாள். கணவர் தலையைக் குனிந்துகொண்டு அட்டையில் எழுதினார். அந்த எழுத்துகள் கோணலாக இருந்தன.

அன்று அலுவலகத்தில் அவள் இருக்கைக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த கோரிக்கை வந்திருந்தது. மறுத்தாள். ஒரு மணி நேரத்தில் இன்னொன்று. அதையும் மறுத்தாள். அடுத்த புதன்கிழமைக்குள் பதினேழு. குளிக்கப் போகும்போதுகூடப் போனைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் நம்பினாரா என்று அவள் கேட்கவில்லை; ஆனால் போனைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

பதினேழாவது கோரிக்கையை மறுக்க முடியவில்லை. பொத்தானை அழுத்தினால், "இந்த இணைப்பு செல்லாது" என்று வந்தது. ஐந்து நாள் என்று போட்டிருந்த இடத்தில் நாளை மாலை நான்கு மணி என்று இருந்தது. மேனேஜரின் அதிகாரத்தில் ரத்து செய்து பார்த்தார்கள். ரத்தாகியது என்று காட்டிவிட்டு மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றது.

மேனேஜர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். "அந்த வரைபடக்காரர் ஃபைலை எடுங்க. அதுல எதையோ விட்டுட்டோம்" என்றார். அதுவரை சர்வர், சர்வர் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர்.

ஃபைலில் விடுபட்டது எதுவும் இல்லை. சம்மதக் கடிதத்தில் மனைவியின் கையெழுத்தும் முகவரியும் இருந்தன. இப்படி ஒரு மாற்றத்தில் அவள் ஒருமுறைகூட வாரிசிடம் நேரில் பேசியதில்லை. பேசவேண்டும் என்று விதியும் இல்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கிளம்பியும், ஊரின் மறுகோடியிலிருந்த அந்த முகவரிக்குப் போய்ச் சேர ஒன்றரை ஆகிவிட்டது. துணி தேய்த்துக் கொடுக்கும் கடை. முன்னறையில் நீளமான மேசை; சுவர் ஓரமாக அடுக்கிய சட்டைகள்; ஈரத்துணியும் சூடும் கலந்த வாசனை. வரைபடக்காரரின் மனைவிக்கு ஐம்பது வயது இருக்கும். தேய்ப்பதை நிறுத்தாமலே, "பில்லு இருக்கா?" என்று கேட்டார்.

"துணிக்கு வரலைங்க. உங்க வீட்டுக்காரர் ஒரு டொமைன் வச்சிருந்தார் இல்லையா, அது விஷயமா" என்று சொல்லி, அந்தச் சின்னப் பெண் பெயரைச் சொன்னாள்.

இஸ்திரிப் பெட்டி நின்றது. அந்த அம்மாள் அதை நிமிர்த்தி வைத்தார்.

"அது என் பொண்ணு பேரு."

 அந்த அம்மாள் பூட்டக்காவுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ஆறு வயசுல போயிட்டா. காய்ச்சல்தான், மூணே நாள். அடுத்த மாசம் அவளோட பிறந்தநாள் அன்னைக்கு இவர் போய் அந்தப் பேரப் பதிவு பண்ணிட்டு வந்தார். எதுக்குங்கன்னு கேட்டேன். இனி அந்தப் பேர யாரு கூப்பிடப்போறா, எங்கயாவது ஒரு எடத்துல இருக்கட்டும்னார். ஒரு போட்டோவாவது போடுங்கன்னு சொல்லுவேன். என்ன போடறதுன்னு தெரியாம உக்காந்திருப்பார். ஊரு உலகத்துக்கெல்லாம் மேப் போட்ட மனுஷன்."

"நீங்க அதை உங்க கொழுந்தனாருக்கு எழுதிக் குடுத்திருக்கீங்களே."

"நான் ஏன் குடுக்கறேன்?"

அவள் கடிதத்தின் நகலைக் காட்டினாள். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"கையெழுத்து என்னதுதான். காரியம் முடிஞ்ச வாரம் பென்ஷன் பேப்பர்னு ஒரு கட்டு கொண்டு வந்தான். காட்டின எடத்துல எல்லாம் போட்டேன்." கண்ணாடியைக் கழற்றினார். குரல் மாறவில்லை. "அவர் வேண்டாம்னு சொல்லலையா?"

கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகப்போகிற ஒருவர் அப்படிக் கேட்டது பூட்டக்காவுக்கு விநோதமாகப் படவில்லை. "ரெண்டு தடவை சொன்னார்" என்றாள்.  "நான்தான் கேக்கல."

அவளுடைய பையில் போன் அதிர்ந்தது. கணவர். சில்லுவைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்துவிட்டாராம். யார் எப்படிக் கூப்பிட்டாலும் குழந்தை திரும்பிப் பார்க்கவில்லையாம். சில்லு என்றால்கூட. "கண்ணைத் தொறந்துதான் இருக்கா. ஜன்னல் பக்கமே பாத்துட்டு இருக்கா. நீ சீக்கிரம் எதையாவது பண்ணு" என்றார். 

அந்த அம்மாள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எதுவும் கேட்காமல், பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் புகார் எழுதினார். என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், என் மகள் பெயரைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். தேதியும் கையெழுத்தும் போட்டு, மடித்து, அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"நீங்களும் ஒரு தாய். போயிட்டு வாங்க."

பேருந்து கிடைக்கவில்லை. ஆட்டோ நெரிசலில் மாட்டிக்கொண்டது. கடைசி இரண்டு தெருவை இறங்கி ஓடினாள். அலுவலகத்துக்குள் நுழையும்போது மூன்று நாற்பது. கைமாறிய டொமைனை அறுபது நாளைக்குள் மறுபடி விற்க முடியாது என்பது விதி. அதனால் அது இன்னும் ஏஜென்ட்டின் கணக்கிலேயே இருந்தது. மேனேஜர் புகாரை ஒரே மூச்சில் படித்துவிட்டு, "திருப்புங்க" என்றார். "நாளைக்கு அந்த ஆள் வந்து கத்தினா நான் பேசிக்கறேன்."

மாற்றத்தை ரத்து செய்து, பெயரைப் பழைய உரிமையாளரின் கணக்குக்கே திருப்பினாள். மூடிய கணக்கு என்று திரை எச்சரித்தது. ஆமாம் என்றாள். உறுதியா என்று கேட்டது. ஆமாம் என்றாள். மூன்று ஐம்பத்தெட்டு.

பிறகு தன் மெயிலைத் திறந்தாள். பதினேழாவது கோரிக்கை அங்கேயே இருந்தது. அவளும் மேனேஜரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரோ பிரிண்டருக்குத் தாள் கேட்டார்கள். நான்கு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அந்த வரி நிறம் மங்கி, 'கோரியவர் திரும்பப் பெற்றார்' என்று மாறியது.

போன் அடித்தது. கணவர்தான். பின்னாலிருந்து சில்லுவின் குரல், பிஸ்கட் டப்பாவை யார் உயரத்தில் வைத்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

ஏஜென்ட் மறுநாள் வந்து கத்தினார். மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். பொய் சொல்லி வாங்கிய கையெழுத்து, போலீஸ் என்ற சொற்கள் காதில் விழுந்தன. அதற்குப் பிறகு ஏஜென்ட் வரவில்லை. சரிபார்க்காமல் மாற்றியதற்காக மேலிடத்திலிருந்து பூட்டக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. அவள் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டாள். வாரிசிடம் நேரில் பேசாமல் எந்தப் பெயரையும் மாற்றுவதில்லை என்று அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள்.

டொமைனை முறைப்படி அந்த அம்மாள் பெயருக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இறந்தவர் கணக்கில் நிரந்தரமாக வைத்திருக்க முடியாது. கோரிக்கையைப் பதிவு செய்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெயில் எப்போதும் போலத் திரும்பி வந்தது. இரண்டாம் நாள் காலையில் பதில் இருந்தது: சம்மதிக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் பகல் மூன்று மணி வாக்கில் தேய்ப்புக் கடைக்குப் போனாள். அந்த டொமைனோடு சேர்ந்து ஒரு மின்னஞ்சல் பெட்டியும் இருந்ததைக் கணக்கை மாற்றும்போது பார்த்திருந்தாள். மகளின் பெயரில் ஒரு முகவரி. அதைத் திறந்து கொடுக்கலாம் என்று போனாள்.

உள்ளறையில் வரைபடக்காரரின் பழைய கம்ப்யூட்டரில் திறந்தாள். பெட்டியில் முந்நூறுக்கு மேல் கடிதங்கள். எல்லாமே அப்பா மகளுக்கு எழுதியவை. அந்த அம்மாள் இரண்டைப் படித்தார். முதல் பல் விழுந்தால் கூரையில் எறிய வேண்டியதில்லை, பத்திரமாக வைத்துக்கொள் என்று ஒன்று. இன்றைக்கு ஒரு ஆற்றை வரைந்தேன், உன் தலைமுடிபோல வளைந்து வளைந்து போகிறது என்று ஒன்று. மூன்றாவதைத் திறக்கவில்லை.

"நான் எழுதினா இதுக்குள்ள போகுமா?"

"போகும்."

அவர் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார். அம்மா எழுதறேன், என்று ஆரம்பித்து நான்கு வரி. அனுப்பியதும் கடிதம் பெட்டியின் மேல்வரிசையில் தடித்த எழுத்தில் வந்து நின்றது. இன்னும் படிக்காத கடிதம் என்றால் தடித்து இருக்கும், திறந்தால் மெலிந்துவிடும் என்று அவள் விளக்கினாள். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு, வாசலில் வந்து நின்ற ஒருவருக்குத் துணி எடுத்துக் கொடுக்கப் போனார். அவளும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினாள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

வந்தவர் போனதும் அந்த அம்மாள் உள்ளே திரும்பினார். 

"ஏம்மா, நீங்க அதைத் தொட்டீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"எழுத்து மெலிஞ்சிருக்கு."

பூட்டக்கா ஒரு காலில் செருப்போடு நின்றாள். உள்ளே போய்ப் பார்க்கவில்லை. ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, தயங்கித் தயங்கி, ஒவ்வொரு எழுத்தாக விசைப்பலகை தட்டப்படும் சத்தம். அந்த அம்மாள் இன்னொரு கடிதம் எழுத ஆரம்பித்திருந்தார். அவள் ஓசைப்படாமல் மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

நடந்த எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னவள், இதை மட்டும் சொல்லவில்லை.